நான்காகப் பிரிந்த காவேரிப் பாட்டு

திருச்சியில் மழை வலுக்கிறது. ஜட்காவிலிருந்து இறங்கி, மேலப்புதூரில் ஒரு மாதா கோயிலுக்குள் ஒதுங்குகிறேன். உள்ளே ஆர்மோனியத்தைச் சுற்றி ஆணும் பெண்ணுமாக ஒரு பாட்டுக் குழு ஒத்திகைக்கு நிற்கிறது. கடைசி பெஞ்சில், நெற்றியில் திருமண்ணோடு ஒருவர் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். ஸ்ரீரங்கத்துத் தமிழாசிரியராம்.

“நான் எழுதின காவேரிப் பாட்டு சார். அதை நாலா உடைச்சு, ஆளுக்கொரு மெட்டுல பாடப்போறாளாம். கூடாதுன்னு சொல்லத்தான் வந்திருக்கேன்,” என்கிறார்.

அதற்குள் பாட்டு தொடங்கிவிடுகிறது. பெண்கள் ‘காவேரி’ என்று எடுக்கிறார்கள். அவர்கள் முடிக்குமுன்பே ஆண்களின் கனத்த குரல்கள் அதே சொல்லை அடியிலிருந்து ஏந்திக்கொள்கின்றன. இன்னும் இரண்டு குரல்கள் இருபுறமும் பிரிந்து ஓடுகின்றன. கடைசி அடியில் எல்லாம் ஒன்றாகக் கலக்கும்போது கூரையே அதிர்கிறது. எனக்கு மெய்சிலிர்க்கிறது. இப்படி ஒரு தமிழ்ப் பாட்டை நான் கேட்டதேயில்லை.

“காவேரி ரெண்டா பிரிஞ்சு எங்க ஊரைச் சுத்திண்டு போறாளே, அதை நான் எழுதவே இல்லையே சார்! இவா பாடிட்டாளே,” என்கிறார் ஆசிரியர்.

குழுவை நடத்திய பெண்மணி தயங்கியபடி அருகில் வருகிறார். “ஐயா, குறை இருந்தா சொல்லுங்க.”

ஆசிரியர் எழுந்து கைகூப்புகிறார்.

“இன்னும் ஒரு சரணம் இருக்கும்மா. எழுதிக்கிறேளா?”