துலிப் கிழங்கும் ஒற்றைச் செருப்பும்

எங்கள் வீட்டில் லீவுக்கு ஊருக்குக் கிளம்புவது என்றால் ஆளுக்கொரு டியூட்டி உண்டு. பெட்டிகளை எடை போட்டு, பிரித்து, மறுபடி எடை போட்டுச் சண்டை பிடிப்பது அம்மாவும் அப்பாவும். ஃபிரிட்ஜ் என்னுடையது. காலி செய்த ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி, கதவு முழுக்கச் சாத்திக்கொள்ளாமல் இருக்க இடுக்கில் ஒரு ரப்பர் செருப்பைச் சொருகி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பி வரும்போது உள்ளே பூஞ்சை பிடித்து நாறும். ஆறு வயதில் எனக்குக் கிடைத்த பதவி அது. ஒன்பது வயதில், அதை என்னைவிட ஒழுங்காகச் செய்ய ஷார்ஜாவிலேயே ஆள் கிடையாது என்ற நினைப்பு வந்துவிட்டது. அந்த நினைப்புதான் வினையாக முடிந்தது.

அப்போது நாங்கள் ஒரு பழைய வில்லாவின் கீழ்ப் போர்ஷனில் இருந்தோம். வாசலுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இரண்டு பாய் விரிக்கிற அளவுக்கு மண். அதில் அம்மாவின் கறிவேப்பிலையும் புதினாவும் நின்றன. அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, முவைலா பக்கம் ஒரு தொழிலாளர் கேம்ப்பில் தங்கி, சாலையோரத் தோட்டங்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியில் வேலை பார்த்தார். ரவுண்டானாக்களில் பூச்செடி நடுவது, வாடியதைப் பிடுங்குவது, மறுபடி நடுவது. ஆறு வருஷமாக அதே வேலை. வெள்ளிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, என்னோடு கேரம் ஆடித் தோற்றுவிட்டுப் போவார்.

அந்த வருஷம் ஆகஸ்டில், காலை பத்து மணிக்கே, ரவுண்டானா நடுவில் மயங்கி விழுந்துவிட்டார். ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டு அம்மா அழுதாள். அழுதுகொண்டே திட்டவும் செய்தாள்.

"ஒண்ணு நிழல்ல வேலை வாங்கு. இல்லேன்னா மார்ச்ல காண்ட்ராக்ட் முடியுதுல்லா, விசாவைக் கேன்சல் அடிச்சிட்டு ஊருக்குப் போயிரு. உன்னை வெயிலுக்குத் தூக்கிக் குடுக்கவா நான் இங்க இருக்கேன்?"

நிழலில் வேலை என்றால் கம்பெனியின் நர்சரி, கூரைக்கடியில் நாற்று வளர்க்கிற இடம். அங்கே ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆனால் ஃபோர்மேன் லேசில் மசிகிற ஆள் இல்லை. தாடியை மருதாணியில் சிவக்க வைத்திருந்த பெஷாவர்க்காரர். செப்டம்பர் கடைசியில் மாமாவின் கையில் பன்னிரண்டு துலிப் கிழங்குகளைக் கொடுத்து, இந்த மண்ணில் இதைப் பூக்க வைத்துக் காட்டு, பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டார்.

துலிப் குளிர் நாட்டுப் பூ. கிழங்கு இரண்டரை மாதமாவது குளிரில் கிடந்தால்தான் பூக்கும். கேம்ப்பில் எட்டுப் பேருக்கு ஒரே ஃபிரிட்ஜ். சின்ன வெங்காயம் என்று எவனாவது குழம்பில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஆகவே கிழங்குகள் எங்கள் ஃபிரிட்ஜின் காய்கறி டிரேயில் குடியேறின. பழம் பக்கத்தில் இருந்தால் கிழங்குக்குள் இருக்கிற மொட்டு கருகிவிடும் என்று மாமா எங்கேயோ கேட்டுவந்து சொன்னார். அவ்வளவுதான், ஆப்பிளும் ஆரஞ்சும் வெளியே துரத்தப்பட்டன.

"நான் சம்பாதிச்சு வாங்குன ஃபிரிட்ஜ்ல ஒரு ஆப்பிள் வைக்க எனக்கு உரிமை இல்ல" என்று அப்பா தினமும் ஒரு தடவையாவது முனகினார். ஆனால் வைக்கவில்லை.

டிசம்பர் விடுமுறைக்கு மூன்று வாரம் ஊருக்குப் போவதாக ஏற்பாடு. திரும்பி வந்ததும் நட்டுவிடலாம் என்பது மாமாவின் திட்டம். கிளம்புவதற்கு முந்தின நாள் வந்து கிழங்குகளைத் தடவிப் பார்த்தார். ஃபிரீசரில் உறைந்திருந்த ஒரு டம்ளர் தண்ணீரின் மேல், பாக்கெட்டிலிருந்து ஓர் ஐம்பது ஃபில்ஸ் காசை எடுத்து வைத்தார்.

"எதுக்கு மாமா, காசுக்கு வேர்க்குதா?"

"ஆமாட்டி, கொஞ்சம் காத்து வாங்கட்டும்" என்றார். மாமா எப்போதும் ஏதாவது கோமாளித்தனம் செய்கிறவர் என்பதால் நான் அதற்குமேல் கேட்கவில்லை.

"ஏட்டி, இந்தத் தடவை ஃபிரிட்ஜை ஆஃப் பண்ணக் கூடாது, தெரியுதா?" என்று அம்மா என்னிடம் மூன்று முறை சொன்னாள். மூன்று முறையும் தலையாட்டினேன்.

மறுநாள் டாக்ஸிக்காரர் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அம்மா பெட்டிகளோடு ஏறிவிட்டாள். அப்பா கதவருகே நின்று வழக்கம்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். கேஸ் மூடியாச்சா? ஜன்னல் பூட்டியாச்சா? ஃபிரிட்ஜ்?

"ஒரு நிமிஷம்ப்பா!" என்று சமையலறைக்குள் ஓடினேன். பிளக்கைப் பிடுங்கினேன், செருப்பைச் சொருகினேன், ஓடிவந்து காரில் ஏறினேன். மூன்று வருஷப் பழக்கம்; கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது.

ஊருக்குப் போன ஐந்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அம்மா போனில் மாமாவிடம், "உன் கிழங்கெல்லாம் ஜம்முனு குளுந்துபோய்க் கெடக்கும்லே" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்த முறுக்கு கீழே விழுந்துவிட்டது. அப்போதே சொல்லியிருக்கலாம். வில்லா வாட்ச்மேனிடம் இன்னொரு சாவி இருந்தது. ஒரு போன் போதும், மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம். நான் சொல்லவில்லை. பயம் என்று மட்டும் சொன்னால் பொய். பதவி போய்விடுமே என்ற கவலையும்தான். பெரிய மனுஷி!

திரும்பி வந்தபோது கதவு திறந்ததும் பெட்டிகளைத் தாண்டிக் குதித்து ஓடி, பிளக்கைச் சொருகி, செருப்பை உருவி, என் பாவாடையில் சுற்றிக்கொண்டேன். யாரும் பார்க்கவில்லை. "வந்ததும் வராததுமா என்னட்டி குளிர் தண்ணி?" என்று அம்மா கத்தியதோடு சரி.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாமா வந்தார். நான் சமையலறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். முதலில் ஃபிரீசரைத் திறந்து டம்ளரை எடுத்தார். உள்ளே பார்த்தார். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு டிரேயை இழுத்தார். ஐந்து கிழங்குகள் கொழகொழவென்று அழுகிக் கிடந்தன. மற்றவை வெளுத்த முளை விட்டிருந்தன.

"ஐயோ, என்னடா இது!" என்று அம்மா பதறினாள்.

"ஒண்ணுமில்லக்கா, மொளைக்க அவசரப்பட்டிருக்கு. பழைய கிழங்கா இருக்கும். இன்னிக்கே நட்டுருவோம்" என்றார் மாமா.

டம்ளரைக் குழாயடியில் பிடித்தார். ஐஸ் கழன்று விழுந்தது. அதன் அடியில் ஒட்டியிருந்த காசை எடுத்து, துடைத்து, என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டார்.

"போ, மிட்டாய் வாங்கித் தின்னு."

அப்பாடா, மாமாவுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று எனக்கு உயிர் வந்தது. தெருமுனை கிராசரிக்கு ஓடிப்போய்ப் புளிப்பு மிட்டாய் வாங்கி, அங்கேயே நின்று தின்று தீர்த்தேன்.

ஏழு கிழங்குகளைப் புதினாவை ஒட்டி, சுவரின் நிழல் விழுகிற இடமாகப் பார்த்து நட்டார் மாமா. அதற்குப் பிறகு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மாடித் தொட்டியில் வெயில் பட்டு வருகிற குழாய்த் தண்ணீரை ஊற்றவே விடமாட்டேன். தினமும் ஸ்கூல் பஸ் வருமுன் ஐஸ் கட்டிகளைக் கொண்டுபோய் மண்ணின் மேல் பரப்பினேன். பிள்ளைக்குத் தோட்டத்தில் எவ்வளவு ஆசை பாருங்கள் என்று அம்மா பக்கத்துப் போர்ஷன்காரியிடம் பெருமையடித்தாள். ஆசையாவது ஒன்றாவது! மாமா கேன்சல் அடித்துவிட்டு ஊருக்குப் போய்விட்டால் அதற்குக் காரணம் நான்தான்.

நான்கு செடிகள் எழுந்தன. இரண்டு மொட்டு விட்டன. பிப்ரவரி நடுவில் ஒரு காலை அவை விரிந்தன. ரத்தச் சிவப்பு, அடியில் மஞ்சள். அப்படி ஓர் அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆனால் தண்டு என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. இலைக்கு நடுவே பூ உட்கார்ந்துகொண்டிருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை ஃபோர்மேன் கம்பெனி பிக்கப்பில் வந்து இறங்கினார். குந்தி உட்கார்ந்து, தாடியைத் தடவிக்கொண்டு பார்த்தார்.

"இத்னா சோட்டா க்யோன், பாய்?" என்றார். ஏன் இவ்வளவு குட்டை என்று கேட்கிறார். பள்ளியில் இந்தி படிக்கிற எனக்குப் புரிந்தது. நான் அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விட்டேன்.

"மேரா கல்த்தி, பாய். என் தப்புதான். குளிரிலிருந்து சீக்கிரம் எடுத்துவிட்டேன்" என்றார் மாமா, தன் உடைந்த இந்தியில். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

ஃபோர்மேன் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். மறுபடி பூவைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். குளிர் பத்தாமலே இரண்டு பூத்திருக்கிறது, ஒழுங்காகக் கொடுத்தால் பன்னிரண்டும் பூக்கும் என்றார். "கலாஸ், சோதனை முடிந்தது. சனிக்கிழமை நர்சரிக்கு வா. மூன்று மாதம் பார்ப்போம்."

அம்மா அழ ஆரம்பித்தாள். நானும் அழுதேன். மாமா தப்பித்தார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நான் தப்பித்தேன் என்று நான் நினைத்துக்கொண்டேன். மாமா இன்னும் அந்த நர்சரியில்தான் இருக்கிறார். இப்போது அவருக்குக் கீழே பதினைந்து பேர்.

போன மாதம் நாங்கள் லீவுக்குக் கிளம்பும்போது, என் வீட்டுக்காரர் ஃபிரீசரில் உறைந்த ஒரு டம்ளரின் மேல் காசு வைத்தார். நான் எட்டிப் பார்த்தேன்.

"இது எதுக்கு?"

"இதுகூடத் தெரியாதா? பேச்சிலர் ரூம்ல எல்லாரும் வைப்போம். திரும்பி வரும்போது காசு மேலயே இருந்தா ஃபிரிட்ஜ் நிக்கல. அடியில கிடந்தா, நின்னு ஐஸ் உருகி, மறுபடி உறைஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அன்றைக்கு டம்ளரின் அடியில் கிடந்த காசு. அழுகியதைப் பார்க்கும் முன்பே மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபிரிட்ஜை நிறுத்தியது யார் என்று, வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றவளைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும்.

உடனே போன் போட்டேன்.

"மாமா, அந்த ஐம்பது ஃபில்ஸ்..."

மறுமுனையில் தண்ணீர் பீய்ச்சுகிற சத்தம் நின்றது. பிறகு சிரித்தார்.

"இப்பதான் கேக்கியா? சரி, மிட்டாய் நல்லா இருந்துச்சா?"