தயங்காமல் பேசுங்கள்

ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். புது மெஷின்கள் வந்தபோது, ‘தயங்காமல் பேசுங்கள்’ என்று பலகை மாட்டியவனும் நான்தான்.

அந்த வாரமே காலைக் கூட்டத்தில், சத்தியவேட்டிலிருந்து வேலைக்கு வரும் கஸ்தூரியக்கா எழுந்தார்.

“மிசின் சத்தம் வேற மாரி வந்துகினு கீது சார்.”

“காதால கேக்கறதெல்லாம் பழைய காலம்க்கா. ஸ்கிரீன்ல பச்சை எரியுது பாருங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பத்தாம் நாள் அந்த மெஷினின் பெல்ட் அறுந்தது. அக்காவுக்கு இரண்டு விரல்கள் போயின.

ஆஸ்பத்திரியில், “அப்புறமும் சத்தம் வந்துச்சாக்கா? ஏன் சொல்லல?” என்று கேட்டேன்.

கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி சொன்னார். “தெனமும் வந்துச்சு சார். சொன்னா சிரிப்பீங்கோன்னு இருந்துட்டேன்.”

மறுநாளே பலகையைக் கழற்றிவிட்டேன். இப்போது யார் என்ன சொன்னாலும் மெஷினை நிறுத்தத் தயாராக இருக்கிறேன். காலைக் கூட்டத்தில் யாரும் எழுவதே இல்லை.