தமிழில்தானே எழுதினேன்

சித்தூரில் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒரு திமிர் உண்டு. தெருவில் தெலுங்கு, வீட்டுக்குள் தமிழ். பேச்சுத் தமிழ் இந்த ஊரில் பாதிப் பேருக்குப் புரியும் என்பது வேறு விஷயம். எழுத்து அப்படியில்லை. பிள்ளைகளெல்லாம் தெலுங்கிலோ இங்கிலீஷிலோ படித்துவிட்டார்கள்; தமிழ் எழுத்தைப் படிப்பவர்கள் என் வயதுக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் ஒன்றைத் தமிழில் எழுதிவிட்டால் அதை பீரோவில் வைத்துப் பூட்டிய மாதிரி என்று நினைத்திருந்தேன். அந்த முட்டாள்தனம் என் மகளுக்கு வேலை இல்லாமல் செய்தது.

அவளுக்குப் பதினைந்து வயதில் முதல்முறை வலிப்பு வந்தது. எனக்கும் என் மனைவிக்கும் அவளுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டோம். சித்தூரில் டாக்டரிடம் போனால் பெஞ்சில் தெரிந்த முகம் உட்கார்ந்திருக்கும் என்று, வேலூருக்கு பஸ் ஏறினோம். அக்கம்பக்கத்தில் கேட்டால் கல்யாணத்துக்குப் போகிறோம் என்று சொல்வோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற ஒரே ஆள் என் மனைவியாகத்தான் இருப்பாள். மாத்திரையில் நோய் அடங்கியது. மகள் படித்து முடித்து, ஒரு தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஆனாள். பிள்ளைகள் அவளை விடவே மாட்டார்கள். வீட்டுக்கு வரும்போது துப்பட்டாவெல்லாம் சாக்பீஸும் மூக்குச்சளியுமாக இருக்கும். அவ்வளவு சந்தோஷமாக நான் அவளை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

மூன்று வருஷம் வலிப்பு வராமல் இருந்தால் திருப்பதி மலைக்கு அலிபிரி அடிவாரத்திலிருந்து நடந்து ஏறி மொட்டை போடுகிறேன் என்று வேண்டியிருந்தேன். வரவில்லை. போட்டேன். அவளும் என்னோடு படி ஏறினாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வேண்டுதல் பலித்தால் இன்னதுக்காக வேண்டினேன், இன்னது நடந்தது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாமிக்குக் கொடுத்தது பாதிதான். மகள் விஷயத்தை நான் யாரிடம் சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. மலையிலிருந்து இறங்கி, திருப்பதி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தபோது போனை எடுத்தேன். எல்லாரும் படம் போடுகிறார்களே, அந்தத் தளத்தில், சந்தனம் பூசிய தலையோடு நானும் பக்கத்தில் அவளும் நிற்கிற படத்தைப் போட்டேன். கீழே தமிழில் எழுதினேன்: என் மகளுக்கு மூன்று வருஷமாக வலிப்பு வரவில்லை, பெருமாளே, என் முடி உனக்கு. அதில் என்னோடு சேர்ந்திருந்தவர்கள் மாங்கூழ் ஃபேக்டரியில் என்னோடு வேலை பார்க்கிற தெலுங்குக்காரர்கள். மொட்டையைப் பார்த்து ஆளாளுக்கு கோவிந்தா போட்டார்கள். சாமிக்குச் சொன்ன மாதிரியும் ஆயிற்று, ஊருக்குத் தெரியாத மாதிரியும் ஆயிற்று என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ரெண்டு நாளில் என் போனில் வலிப்புக்கு மூலிகை எண்ணெய் விளம்பரம் வந்தது. அப்புறம் நரம்புக்கு லேகியம், பிறகு இன்சூரன்ஸ். நான் ஒரு மடையன். நம் கஷ்டம் தெரிந்து காட்டுகிறார்களே என்று ஒன்றைத் திறந்து, மகளின் வயதையும் நோய் தொடங்கிய வருஷத்தையும் எழுதிக்கூட அனுப்பினேன். அந்தத் தளத்தை ஓசியில் நடத்துகிறவனுக்கு என்ன பிழைப்பு என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

நான் எழுதியதற்குக் கீழே, மொழிபெயர்ப்பைக் காட்டு என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்திருக்கிறது. ஃபேக்டரியில் ஒருவருடைய சொந்தக்காரப் பெண், அவளுடைய பையன் என் மகளின் வகுப்பு. டீச்சர் படமாயிற்றே என்று அந்த வரியைத் தொட்டிருக்கிறாள். தெலுங்கில் எல்லாம் வந்துவிட்டது. மறுநாள் காலையில் அது பெற்றோர் குரூப்பில் இருந்தது. பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது டீச்சர் விழுந்தால் என்ன செய்வது என்று ஒருத்தர் கேட்க, மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

பள்ளிக்கு நான் போனேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பொய் சொல்லத்தான் போனேன். தமிழில் வலிப்பு என்றால் கால் வலி, மெஷின் தப்பாக மாற்றியிருக்கிறது என்றேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா போனை என் பக்கம் நகர்த்தினார். மூர்ச்ச என்று இருந்தது. நமக்கு மூர்ச்சை என்றால் வெறும் மயக்கம். தெலுங்கில் இந்த நோய்க்கே அதுதான் பெயர். ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. இத்தனை வருஷம் தெலுங்கு பேசிய நான்கூட அவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டேன். உங்க பாப்பா கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார் அந்த அம்மா. அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை.

பதிவை நீக்கினேன். யார் யார் போனில் இருக்கிறதோ அதை எப்படி நீக்குவது? மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். சரி என்றாள், அவ்வளவுதான். அடுத்த மாதமே திருப்பதியில் ஒரு கோச்சிங் சென்டரில் ரிசப்ஷன் வேலை தேடிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அங்கே அவளை யாருக்கும் தெரியாது.

போன வாரம் அவளோடு அறையில் இருக்கும் பெண் போன் செய்தாள். அக்கா பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள், நெற்றியில் தையல் என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது. முதல் பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். ஹாஸ்டல் வாசலில், பார்க்க வருகிறவர்கள் உட்காரும் அறைக்குக் கட்டோடு வந்தாள். அங்கே போன பிறகு வலிப்பு வந்தது இது மூன்றாவது தடவையாம். எங்களிடம் மூச்சு விடவில்லை. கூட இருக்கிற பொண்ணுகிட்டயாவது சொல்லி வைம்மா, விழுந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைக்கவாவது ஒருத்தருக்குத் தெரியணுமே என்று கெஞ்சினேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை.

"பெத்தவன் உனக்குத் தெரிஞ்சதே ஊரெல்லாம் போச்சி. இன்னும் யாருகிட்ட சொல்லச் சொல்ற நைனா?"

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தப் பெண்ணை நானே தனியாக்கிவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. அதற்குள் அந்த அறைத்தோழி பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். நல்ல பெண். எப்படி அங்கிள் இவ்வளவு அடிபடும் என்று தெலுங்கில் என்னிடமே கேட்டாள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாத்ரூம் தரை வழுக்குதும்மா, நீயும் பார்த்து நட என்று நானும் தெலுங்கில் சொன்னேன்.