அம்மன் முன் படித்த கல்யாணப் பத்திரிகை

வெட்கப்பட்டுக்கொண்டே பல வருடம் இதை எழுதாமல் இருந்துவிட்டேன். சின்ன மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு, கம்ப்யூட்டரில் இருந்த பெரிய மகளின் பத்திரிகை ஃபைலையே திறந்து பெண் பெயர், தேதி, மண்டபம் எல்லாம் மாற்றினேன். அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒரு பிரிண்ட் எடுத்து, மஞ்சள் தடவிக் குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். பூசாரி வழக்கப்படி அம்மனுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்திச் சிரித்தார்.

“ஏனுங்க அம்மணி, மூத்த மருமகனுக்கே ரெண்டாவது புள்ளையையும் கட்டிக் குடுக்கறீங்களா?”

எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளை பெயரை மாற்றவே இல்லை! அப்படியே அச்சாகிச் சம்பந்தி வீட்டுக்குப் போயிருந்தால்?

“தாயி, மானத்தைக் காப்பாத்திப்போட்டியே!” என்று அங்கேயே விழுந்து கும்பிட்டேன்.

இப்போதெல்லாம் பழைய ஃபைலில் கை வைப்பதில்லை. எதையும் புதிதாகவே டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, வேறொருவரை உரக்கப் படிக்கச் சொல்கிறேன். கல்யாணம் வைத்திருக்கும் வீடுகளுக்கு இதை, என் அசட்டுத்தனம் உட்பட, அப்படியே சொல்லுங்கள்.