ஊறப்போட்ட விறகு

பிள்ளைகளே, உங்கள் அக்கா பிறந்தது லாபிஸ் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், அடைமழைக் காலத்தில். தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீட்டில் தரையெல்லாம் ஈரம் கசியும். பிள்ளை பெற்ற உடம்புக்கும் பச்சைக் குழந்தைக்கும் அறை சூடாக இருக்கட்டும் என்று அடுப்பை அணையவே விடவில்லை. காட்டில் விறகு பொறுக்கத் துரை தடை போட்டிருந்தார். தோட்டத்துக் கடையில் எடை போட்டுத்தான் வாங்க வேண்டும். காசைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

அந்த மாதம் பாதிச் சம்பளம் விறகுக்கே போயிற்று. அப்படியும் அறை சூடேறவில்லை, புகைதான் நிறைந்தது. உங்கள் அம்மாவின் கண்கள் கோவைப்பழமாகச் சிவந்தன. குழந்தை இருமி இருமித் துவண்டது. விறகு ஏன் இவ்வளவு ஆகிறது என்று கடைக்காரரிடம் போய்க் கேட்டேன்.

"புள்ள பெத்த வீடு, கூடத்தான்யா ஆவும். பொண்டாட்டியக் கொஞ்சம் சிக்கனமா எரிக்கச் சொல்லு லா!" என்று பத்துப் பேர் பார்க்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நெஞ்சில் முடிந்துகொண்டேன்.

ரப்பர் ஷீட்டுகளைப் புகைபோட்டுக் காயவைக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. ஒரு கட்டு விறகை அங்கே வைத்துப் பார்த்தேன். தோள் நோகச் சுமந்து வந்த கட்டு, காய்ந்தபின் ஒரு கையால் தூக்கும்படி எடை குறைந்திருந்தது. நேரே கடையின் பின்பக்கம் போனேன். விற்கிற விறகெல்லாம் கால்வாயில் ஊறிக்கொண்டிருந்தது. இத்தனை நாளும் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறோம்!

சண்டை போடவில்லை. பொங்கல் வரட்டும் என்று இருந்தேன்.

மாரியம்மன் கோயில் முன்னால் வரிசையாகப் பானை வைப்போம். முதல் அடுப்பு கடைக்காரர் வீட்டுக்கு. அந்தப் பானைதான் முதலில் பொங்க வேண்டும். அது அவருக்கு மரியாதை.

"விறக நான் கொண்டாறேன் மொதலாளி. வெள்ள வேட்டி அழுக்காவப் போவுது" என்றேன்.

தம் வீட்டுக்கென்று அவர் கூரைக்கடியில் காயவைத்திருந்ததை நான் தொடவில்லை. கால்வாய் விறகைச் சுமந்து போய், மேலே நாலு காய்ந்த சுள்ளியைப் பரப்பிவிட்டேன்.

சுள்ளி எரிந்ததும் புகை கிளம்பியது. வரிசையில் மற்றப் பானைகள் பொங்கி வழிய, முதல் பானை முணுமுணுக்கக்கூட இல்லை. கடைக்காரர் மனைவி ஊதி ஊதிக் கண்ணீர் விட்டார்.

"என்னா கடைக்காரரே, ஆத்தாளுக்கும் ஊறப்போட்ட வெறகுதானா?" என்றாள் ரப்பர் பால் வெட்டும் கிழவி ஒருத்தி, விறகு நுனியில் தண்ணீர் நுரைத்து வடிவதைப் பார்த்து. கோயிலே சிரித்தது.

நான் பக்கத்தில் போய், "பொண்டாட்டியக் கொஞ்சம் சிக்கனமா ஊதச் சொல்லுங்க மொதலாளி" என்றேன். அவருக்கு விளங்கிவிட்டது. மறுநாளே கடை விறகு கூரைக்கடியில் ஏறியது.

வீட்டில் அம்மா, "பாவங்க, அந்தம்மா கண்ணு எப்படிச் செவந்துபோச்சு" என்றாள்.

"உன் கண்ணு செவந்தப்போ எவன் பாவம்னான்?" என்று கேட்டுவிட்டு, காய்ந்த கட்டை ஒன்றை அடுப்பில் தள்ளினேன்.