சாருக்குப் பிடித்த பிள்ளை

நான்காம் வகுப்பில் நான்தான் சாருக்கு மிகவும் பிடித்த பிள்ளை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். கணக்குப் பாடம் தொடங்கியதும் என்னையும் இன்னும் மூன்று பேரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். மற்றவர்கள் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்க, நாங்கள் வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு கழிப்பறைக்குப் போவோம். நால்வரும் ஒரே தெரு. அரும்பாவூருக்குப் பக்கத்திலிருந்த எங்கள் ஊரில் அதை யாரும் தெரு என்று சொல்வதில்லை, காலனி என்பார்கள்.

கணக்கிலிருந்து தப்புவதே எனக்குப் பெரிய சந்தோஷம். போதாததற்கு பிளீச்சிங் பவுடர் டப்பா என் பொறுப்பில் இருந்தது. வேறு யாரையும் அதைத் தொடவிட மாட்டேன். ஒருநாள் சார் எட்டிப் பார்த்துவிட்டு, நான் கழுவினால் அது தனிச் சுத்தம் என்று சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெருமையை அடக்க முடியாமல் அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். கரும்பு வெட்டிவிட்டு வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். சொம்பைச் சாய்த்த கை அப்படியே நின்றது.

"மேலத்தெரு புள்ளைங்க யாராச்சும் வருவாங்களா?"

"அதுங்களுக்குக் கழுவத் தெரியாதும்மா" என்றேன், கொஞ்சம் இரக்கத்தோடு.

அம்மா மெச்சவும் இல்லை, திட்டவும் இல்லை. சேலையை உதறிக்கொண்டு மற்ற மூன்று பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்விட்டு வந்தாள். பெரம்பலூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சித்திக்குப் போன் போட்டு நெடுநேரம் பேசினாள். சித்தி என்ன சொன்னாளோ, முகம் கடுகடுவென்று இருந்தது. எனக்குச் சோறு மட்டும் வழக்கத்தைவிட அதிகமாக விழுந்தது.

மறுநாள் காலை, கரும்பு வெட்டும் பெண்களை ஏற்றிய டிராக்டர் வயலுக்குப் போகாமல் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. சேலைக்கு மேலே முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாக எல்லோரும் இறங்கினார்கள். அருவாளோடு வந்தார்கள் என்று பேராகிவிடும் என்பதால், அத்தனை அருவாளையும் டிராக்டரிலேயே வைக்கச் சொல்லியிருந்தாள் அம்மா.

தலைமையாசிரியர் ஓடி வந்தார். தங்கள் பள்ளியில் அப்படி ஒன்று நடக்கவே இல்லை, எல்லாப் பிள்ளைகளையும் சொந்தப் பிள்ளைகளாகத்தான் பார்க்கிறோம், யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள் என்றார். பின்னால் நின்ற எங்கள் சார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அதிகாரி வந்தால்தான் எழுந்திருப்போம் என்று சொல்லிவிட்டுப் பெண்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குள் சித்தி கல்வி அலுவலகத்துக்கே நேரில் போய்ப் புகார் கொடுத்திருந்தாள்.

மதியத்துக்குள் ஜீப் வந்தது. இறங்கியது ஒரு பெண் அதிகாரி. தலைமையாசிரியர் அதே கதையை இன்னும் கொஞ்சம் மெருகேற்றிச் சொன்னார். அந்த அதிகாரி யாரையும் மறுத்துப் பேசாமல் நேராக எங்கள் வகுப்புக்குள் வந்தார். இங்கே கழிப்பறையைக் கழுவுவது யார் என்று பொதுவாகக் கேட்டார். சார் என்னையே பார்த்தார். வேறு யாராவது முந்திக்கொண்டு பெயரைத் தட்டிப் பறித்துவிடுவார்களோ என்று அவர் கவலைப்படுவதாக நினைத்து எழுந்து நின்றேன்.

"நான்தாங்க மேடம். நல்லா கழுவுவேன். சாரே சொல்லியிருக்காரு."

அதோடு விட்டேனா? எவ்வளவு பவுடர் போட வேண்டும், எந்த மூலையில் கறை லேசில் போகாது, எங்கள் தெருப் பிள்ளைகளில் யார் தண்ணீர் ஊற்றுவது, மேலத்தெருப் பிள்ளைகளை ஏன் கூப்பிடுவதில்லை என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன். வாய்ப்பாட்டைக்கூட நான் அப்படி ஒப்பித்ததில்லை. ஜன்னலுக்கு வெளியே அம்மாவின் முகம் தெரிந்தது. தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். சுத்தம் பழகுவதும் ஒரு சேவைதானே என்று மெல்ல இழுத்தார்.

அம்மா உள்ளே வந்தாள். குரல் உயரவில்லை.

"சேவைன்னா எல்லாப் புள்ளைக்கும் சொல்லிக் குடுங்க சார். எங்க புள்ளைங்களுக்கு மட்டும் எதுக்கு இந்தத் தனிப்பாடம்? அந்த நேரத்துல அதுங்களும் கணக்குப் படிக்கணும்ங்க."

கடைசியில் தலைமையாசிரியர் வேப்பமரத்தடிக்கு வந்து, அத்தனை பெண்களுக்கும் முன்னால் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அந்த வாரமே சாரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். கழிப்பறைக்குச் சம்பளத்துக்கு ஆள் போட்டார்கள். வந்தவர் முதல் வேலையாக என் டப்பாவை வாங்கிக்கொண்டார்.

தலைமையாசிரியர் மன்னிப்புக் கேட்ட அன்று சாயங்காலம் டிராக்டர் வழக்கமான ஏரிக்கரைப் பாதையில் போகவில்லை. மேலத்தெரு வழியாகவே விடச் சொன்னாள் அம்மா. பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். வாசல்களில் ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். நான் மட்டும் ஒரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெற்ற தாயே என் பதவியைப் பறித்துவிட்டாளே என்று எனக்கு ஆறவேயில்லை.

அம்மா என் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எந்திரிச்சு நில்லுடி. எல்லாரும் பாக்கட்டும்."

பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. என் கையில் கோப்பையும் இல்லை, கழுத்தில் மாலையும் இல்லை. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் அவள் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்தத் தெரு முடியும்வரை நின்றேன்.