வேலாயியின் ஆட்டு வம்சம்

ஹல்துமுல்லைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில் வேலாயியின் கிடா ராசாவைத் தெரியாதவர்கள் இல்லை. இடுப்பளவு உயரம், எண்ணெய் தடவியது போன்ற கறுப்பு. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்தில் ஆடு வளர்த்த பதினொரு வீட்டுக்கும் அவன்தான் பொலிகிடா. அந்தப் பெருமையில் அவள் கணவன் முருகையா நெஞ்சை நிமிர்த்தியே நடப்பார்.

அப்படியிருக்க, ஒரு குட்டி கீழ்த்தாடை கட்டையாகப் பிறந்தது. காம்பைக் கவ்வ முடியாமல் மூன்றாம் நாள் செத்தது. ஒரு வருடத்துக்குள் இன்னும் நான்கு. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றது லயம். வேலாயியும் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். ஆனால் கை கொழுந்து பறிக்க, மனசு ஒவ்வொரு குட்டியின் தாயையும் தேடிப் போனது. ஐந்து தாய்களும் ராசாவின் மகள்கள்! வெளியிலிருந்து வாங்கிய ஆடுகள் அதே ராசாவுக்கு ஈன்ற குட்டிகளில் ஒன்றுக்கும் பழுதில்லை.

லீவு போட்டுவிட்டு மிருக வைத்தியர் ஷஹீலாவிடம் போய்ச் சொன்னாள்.

“நீங்களே கண்டுபுடிச்சிட்டீங்களே!” என்றார் டொக்டர். “அந்தக் குறை ராசாவுக்குள்ள மறைஞ்சு கெடக்கு. ஒரு பக்கத்தால மட்டும் வந்தா வெளிய தெரியாது. அவன் மகளுக்கும் போயிருந்து, அவ அவனுக்கே ஈன்றா, ரெண்டு பக்கத்தாலயும் குட்டிக்கு வந்துடலாம். ராசாவுக்குக் காயடிச்சிட்டு, வேற ரத்தத்துக் கிடா கொண்டாங்க.”

முருகையா கொதித்தார். “ராசாவுக்குக் காயடிக்கிறதா? லயத்துல தலை காட்ட முடியுமா?”

“செத்த குட்டி அஞ்சையும் பொதைச்சது நான்தாங்க,” என்றாள் வேலாயி. அவர் எழுந்துபோய் ராசாவின் கயிற்றை அவிழ்த்தார்.

ராசாவுக்குக் காயடித்த மறுவாரம், மரக்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய வெலிமடை லொறியில் பெரகலச் சந்தியில் ஏறினாள். வெலிமடையில் ஆடு வளர்க்கும் ஹாஷிம் நானாவின் பட்டியிலிருந்து, தொங்கிய காதும் செந்நிறப் புள்ளியுமாக ஒரு கிடாவோடு வந்து இறங்கினாள். லயம் விழுந்து விழுந்து சிரித்தது.

அது நான்கு வருடத்துக்கு முந்திய கதை. அதன்பிறகு கட்டைத் தாடையோடு ஒரு குட்டிகூடப் பிறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கொரு முறை பக்கத்துத் தோட்டங்களோடு கிடா மாற்றிக்கொள்கிறார்கள். எது எதற்குப் பிறந்தது என்று கேட்டால், மூன்று தலைமுறையை வேலாயி மூச்சு விடாமல் சொல்வாள்.

போன மாதம் ஆடு வளர்ப்பவர்களுக்காக ஷஹீலா டொக்டர் கூட்டிய கூட்டத்தில் அவளைப் பேசச் சொன்னார்கள்.

“எங்க ஆடு ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுங்க. கறுப்பு, செவலை, புள்ளி, எல்லாம் இருக்கு. எல்லாம் நல்லா பால் குடிக்குது,” என்றாள். முதலில் கை தட்டியவர் முருகையா.

கூட்டம் கலைந்ததும் ஒருவர் கிடாக்குட்டி கேட்டு வந்தார்.

“தாரேங்க. மொதல்ல ஒங்க ஆட்டுக்குத் தகப்பன் யாருன்னு சொல்லுங்க,” என்றாள் வேலாயி.